சாம்பல் பார்க்கும் கடை

மண்டி மொஹல்லாவில் அந்தக் கடையைத் தேடிப் போகிறவர்கள் முதல் தடவை தாண்டித்தான் போவார்கள். ஒரு பக்கம் பிளாஸ்டிக் குடங்கள் தொங்கும் கடை, மறுபக்கம் செல்போன் பழுது பார்க்கும் கடை. நடுவில், ஒரு ஆள் உட்கார்ந்தால் நிரம்பிவிடுகிற ஒரு பொந்து. பலகையில் கன்னடத்தில் எழுதிய பெயர் வெயிலில் வெளுத்துவிட்டது. பெரிதாகப் புகழ எதுவுமில்லை. சுருட்டு விற்கிறார்கள், நான்கு தலைமுறையாக அதையே விற்கிறார்கள். நெடுநாள் இருப்பதை ஒரு சிறப்பு என்று ஜோதிமணி நினைத்ததே இல்லை. கல்லும்தான் நெடுநாள் இருக்கிறது.

அய்யனின் முழங்கால் மடங்க மறுத்த வருஷத்திலிருந்து அவள் அந்தப் பொந்தில் உட்காருகிறாள். ஹனூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் வழக்கப்படி அப்பாவை அவள் அய்யன் என்றுதான் சொல்வாள். அவர் பெயர் சென்னப்பன். சுருட்டுக் கடையில் பொம்பளை உட்காருவதா என்று ஆரம்பத்தில் இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். பிறகு அவர்களே, தங்கள் சுருட்டை அவள் கேட்காமலே எடுத்துக் கொடுக்கிறாள் என்று கண்டு வாயை மூடிக்கொண்டார்கள். கேட்காமல் கிடைப்பதில் மனிதனுக்கு ஒரு மயக்கம் உண்டு.

கடையைத் தொடங்கியவர் சித்தையன், அய்யனுடைய தாத்தா. ஹனூரிலிருந்து வண்டியில் புகையிலை ஏற்றிக்கொண்டு இந்த மண்டிக்கு வந்தாராம். வழியெல்லாம் மழை. இலை நனைந்து, வாங்க ஆளில்லாமல் போயிற்று. வெறுங்கையோடு ஊர் திரும்ப வெட்கப்பட்டு, ஒரு மூட்டைக்கடை வாசலில் உட்கார்ந்து, நனைந்த இலையை உலர்த்திச் சுருட்டத் தொடங்கினாராம். "வெக்கத்துல ஆரம்பிச்ச கடை" என்பார் அய்யன். அதற்கு மேல் பெருமை பேசமாட்டார். சித்தையனுக்குப் பிறகு சுருட்டுவது நின்று, வாங்கி விற்பது என்றாயிற்று. டாங்கா ஓட்டுகிறவர்கள் வந்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் வந்தார்கள். வயதான பெண்கள் பால் வாங்க வருவதுபோல வந்து, வாங்கியதை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள். பிறகு ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள்.

அங்கேதான் கடை மற்றக் கடைகளிலிருந்து விலகியது. செத்தவர்கள் வாடிக்கையை விடவில்லை.

திதி வந்தால் இலை போட்டு, போனவருக்குப் பிடித்ததையெல்லாம் படைக்க வேண்டும். களியும் கோழிக்குழம்பும் வீட்டில் ஆகும். சுருட்டுக்கு இங்கேதான் வரவேண்டும். மகன் வருவான், மருமகள் வருவாள், தாத்தாவைப் பார்த்தே இராத பேரன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வந்து நிற்பான். ஜோதிமணி கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான். "இருக்கிறவருக்கா, போனவருக்கா?" இருக்கிறவர் என்றால் காகிதத்தில் சுற்றுவாள். போனவர் என்றால் வாழைச் சருகில். பெயரைச் சொன்னால் போதும், அவருடைய சுருட்டு எது என்று அவளுக்குத் தெரியும். அய்யன் சொல்லி வந்தது பாதி, அவளாகப் பார்த்தது பாதி. ஊசிச் சுருட்டுக்காரர்கள், கட்டைச் சுருட்டுக்காரர்கள், கரும்புகையிலைதான் வேண்டும் என்று அடம்பிடித்தவர்கள். முகங்கள் மங்கிப் போனாலும் சுருட்டு மங்கவில்லை. இப்போதெல்லாம் இருக்கிறவர்களைவிடப் போனவர்களுக்குத்தான் வியாபாரம் அதிகம். மாளய அமாவாசைக்கு முந்தைய பதினைந்து நாளும், தசராவுக்காகத் தெருவெல்லாம் பல்பு கட்டிக்கொண்டிருக்கும்போது, அவள் கடையில் மட்டும் வாழைச் சருகு சரசரத்துக்கொண்டிருக்கும்.

அய்யனுக்கு ஒரு வேலை முறை இருந்தது. புதிதாக வந்த ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு சுருட்டை உருவுவார். கொட்டாங்கச்சியில் கரி நெருப்பு இருக்கும். நுனியை அதன்மேல் காட்டி, அட்டையால் மெல்ல வீசி, சிவந்ததும் பித்தளைத் தட்டின் விளிம்பில் சாய்த்து வைப்பார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். அது தானாகவே புகைய வேண்டும். பதமான புகையிலை, இழுக்க ஆளில்லாமலே, அவசரப்படாமல், நெருப்பை உள்ளே வாங்கிக்கொண்டு போகும். சாம்பல் உதிராமல் சுருட்டின் வடிவத்திலேயே நிற்கும். பதமில்லாதது ஒரு பக்கமாகத் தின்னும், பாதியில் அணையும். இதற்குச் சாம்பல் பார்ப்பது என்று பெயர். முடிவில் அவர் வாயிலிருந்து இரண்டில் ஒரு சொல் வரும். "விக்கலாம்." அல்லது, "வேண்டாம்." சாம்பல் பார்க்காத கட்டிலிருந்து ஒரு சுருட்டுகூட வெளியே போகாது.

"விக்கலாம்" என்பதைத் தாண்டி அவர் எதையும் புகழ்ந்ததாக யாருக்கும் நினைவில்லை. ஜோதிமணியைப் பெண் பார்க்க சந்துரு வந்துவிட்டுப் போனதும், எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். "ம், விக்கலாம்" என்றார். அம்மா சுந்தராம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அய்யன் போய் ஒரு வருஷம் கழிந்திருந்தது; சாம்பல் பார்ப்பதும் இப்போது ஜோதிமணியின் வேலை. வருஷம் முடிந்த பிறகு வருகிற முதல் மாளய அமாவாசையிலிருந்துதான் அவர்கள் வீட்டில் இலை போடுவார்கள். அந்த அமாவாசைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது மாதேவி வந்தாள். கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பத்து மருமகள்.

"ஜோதியக்கா, எங்க மாமனாருக்கு."

"ஊசி. ஞாபகமிருக்குது."

"இருக்கணும். முந்தின வருஷம் நீங்க உங்கப்பாவோட ஆஸ்பத்திரியில இருந்தப்ப உங்க வீட்டுக்காரரு கட்டையக் குடுத்துட்டாரு. நானும் பாக்காம வெச்சுட்டேன். அன்னிக்கே மனுஷன் கனவுல வந்து ஒரே இருமல்க்கா. 'ஏம்மா என்னக் கொல்றே'ங்கற மாதிரி ஒரு பார்வை."

"செத்தவரக் கொல்ல முடியாது மாதேவி."

"அத அவருகிட்ட யாரு சொல்றது?"

ஜோதிமணி சிரித்துக்கொண்டே சருகை மடித்தாள். மாதேவி அவள் கையைப் பார்த்தபடி, "ஆமா, உங்கப்பாவுக்கு இந்த வருஷந்தான மொத எலை? அவரு எது பிடிப்பாரு?" என்றாள்.

சருகின் மேல் கை நின்றுவிட்டது.

இந்தத் தெருவில் போனவர்கள் அத்தனை பேருடைய சுருட்டையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறவளுக்கு, அய்யனுடையது எது என்று தெரியவில்லை. அவர் குடிப்பாரா மாட்டாரா என்பதுகூடத் தெரியவில்லை. மகள் முன்னால் அப்பா சுருட்டுப் பிடிப்பதில்லை. அப்பாவிடம் மகள் அதைக் கேட்பதுமில்லை. மாதேவி போன பிறகும் அந்தக் கேள்வி கடையில் தங்கியிருந்தது. தப்பான சுருட்டை வைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மாதேவியின் மாமனார் இருமிக் காட்டிவிட்டார். ஒன்றுமே வைக்காவிட்டாலோ, ஊரிலுள்ள போனவர்கள் எல்லாரும் தங்கள் சுருட்டோடு போகும்போது, அத்தனை பேருக்கும் விற்ற மனிதர் மட்டும் இலை முன்னால் வெறுங்கையோடு நிற்பார்.

சாயங்காலம் அம்மாவிடம் கேட்டாள்.

"அம்மா, அய்யன் சுருட்டுக் குடிப்பாராம்மா?"

"என்னடி கேள்வி இது, இத்தன வருஷங் கழிச்சு?" சுந்தராம்பாள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "சட்டையில எப்பவும் அந்த வாசந்தான். அது கட வாசமா வாய் வாசமான்னு நான் ஆராய்ச்சியா பண்ணிட்டிருந்தேன்?"

"நீ கேக்கவே இல்லையா?"

"எண்ணெ விக்கறவங்கிட்டப் போயி நீ தலைக்கு என்னத்தத் தேய்க்கறேன்னு யாராச்சும் கேப்பாங்களா? போவியா."

பெங்களூரிலிருக்கும் அண்ணன் முரளிதரன் போனில் எளிதாக முடித்துவிட்டான். "ஏதாச்சும் ஒண்ண வை ஜோதி. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே."

"நீ இப்ப பேசறது கடைக்காரியாவா, பொண்ணாவா?"

கடைக்காரியாக இருந்தால் ஒரு வாடிக்கையாளர் பற்றித் தெரியவில்லை என்று விட்டுவிடலாம். மகளாக இருந்தால் ஏதோ ஒன்றை அன்போடு வைத்துவிடலாம். இரண்டாகவும் இருப்பதால் இரண்டும் முடியவில்லை.

தெருவில் பழைய ஆள் என்று மிஞ்சியிருந்தவர் நஞ்சுண்டப்பா. டாங்காவை விற்றுவிட்டு, குதிரை இல்லாத கையை என்ன செய்வதென்று தெரியாமல் தினமும் கடை முன்னால் வந்து நிற்கிறவர். வீட்டில் கன்னடம், தெருவில் எல்லாப் பாஷையும்.

"நான் பாத்திருக்கேன்ம்மா. கடை மூடி, கருப்புச் சுருட்டு. ஒந்தே ஒந்து, ஒண்ணே ஒண்ணு. கம்பத்துல சாஞ்சு நின்னு, ராஜா மாதிரி."

ஜோதிமணி முன்னால் சாய்ந்தாள். "எப்பங்க?"

"எப்பவோ. நான் குதிரைய அவுத்துட்டிருந்தேன்." கொஞ்சம் யோசித்தார். "இல்ல, அது உங்க தாத்தாவோ என்னமோ. இருட்டு, இல்லியா? பீடாக் கடை ஆளாக்கூட இருக்கும்."

"நல்லாப் பாத்தீங்க."

"குதிரையப் பாத்தா மனுஷன் தெரியறதில்லம்மா" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

அமாவாசைக்கு முதல் நாள் கருப்புசாமி புதுக் கட்டோடு பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்தார். கரூர்ப் பக்கத்திலிருந்து கடைக்குச் சரக்குக் கொண்டுவருகிறவர். அய்யனோடு பாதி வாழ்நாள் பழகியவர். வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தவரிடம் அதே கேள்வி.

"அய்யனுங்களா? மூக்குக்கு நேரா புடிப்பாருங். அப்பறம் தட்டுல வெப்பாருங். விக்கலாம்னா விக்கலாம். இல்லீன்னா 'வேண்டாம் கருப்புசாமி'ம்பாரு. ஏன்னு ஒரு நாளும் சொன்னதில்லீங். நானும் கேட்டதில்லீங். மாத்திக் குடுத்துட்டுப் போயிருவன்."

"வாயில வெச்சுப் பாத்திருக்கீங்களா?"

"அவரு வாயத் தொறந்து பேசியே நான் அதிகம் பாத்ததில்லீங்களே அம்மிணி."

அவர் போன பிறகு மத்தியான நேரத்துக் கடை அடங்கியது. எதிர்வரிசைக் கட்டடத்துக்கு மேலாக வெயில் சாய்ந்து உள்ளே விழுந்தது. அந்த வெளிச்சத்தில் புகையிலைத் தூசி மிதந்தது. மேலேயும் போகாமல், கீழேயும் இறங்காமல். ஜோதிமணிக்குக் கண் சொக்கியது. கடை முன்னால் ஒரு வரிசை நிற்பது தெரிந்தது. மாதேவியின் மாமனார், முந்தானையில் முடிகிற கிழவிகள், தலைப்பாகைக்காரர்கள். யாருக்கும் அவசரமில்லை. ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். அவள் கேட்காமலே எடுத்துக் கொடுத்தாள். தூசி விலகுவதுபோல விலகினார்கள். கடைசியில் அய்யன். கடைக்காரராக இல்லை, வாடிக்கைக்காரராக, வெளியே, தெருப் பக்கம் நின்றார். அவரை அந்தப் பக்கத்திலிருந்து அவள் பார்த்ததே இல்லை. தோள் இவ்வளவு குறுகலா என்று தோன்றியது. "என்ன வேணும்?" என்று கேட்டாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் அலமாரியில் எதையோ பார்த்தார். திரும்பிப் பார்ப்பதற்குள் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்தது. வெயில் அடுத்த கடைக்குப் போயிருந்தது. அவள் கையில் வெறும் வாழைச் சருகு.

ஒருவரைத் தெரியும் என்றால், அவருக்கு என்ன வேண்டும் என்று தெரியும் என்பதுதானா? அப்படியென்றால் தனக்கு இந்தத் தெருவையே தெரியும், அய்யனைத் தவிர. ஒன்றும் வேண்டும் என்று சொல்லாமலே ஒரு மனிதர் வாழ்ந்துவிட்டுப் போயிருக்கிறார். அது நிறைவா, இல்லை யாரும் கேட்கவில்லை என்பதாலா? ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அமாவாசைக் காலை கூட்டம் தெருவரை நின்றது. சருகு மடித்து மடித்து விரல் நுனி உலர்ந்தது. பத்து மணிக்கெல்லாம் கட்டைச் சுருட்டு தீர்ந்துபோயிற்று. ஹெல்மெட் போட்ட இளைஞன் ஒருவன் அலமாரியைக் காட்டினான்.

"அதோ ஒரு கட்டு இருக்குதே?"

"அது பாக்காத கட்டுங்க."

"பாக்கறதுக்கு அது என்ன பொண்ணா? குடுங்க, தாத்தாவுக்குத்தான். அவரு என்ன திருப்பிக் குடுக்கவா வரப்போறாரு?"

"வந்தாலும் வருவாரு" என்றாள் ஜோதிமணி. பின்னாலிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு, தங்கள் வீட்டில் பொழுது சாய்ந்துதான் இலை போடுவார்கள், சாயங்காலம் வருகிறேன் என்றான். இந்தக் கூட்டத்தின் மூச்சிலும் வண்டிக் காற்றிலும் சாம்பல் பார்க்க முடியாது. மத்தியானம் ஷட்டரை இறக்கும்போது புதுக் கட்டையும் பித்தளைத் தட்டையும் பைக்குள் போட்டுக்கொண்டாள். வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். அய்யனுக்கென்று அவள் எதையும் எடுக்கவில்லை. கை கரும்புகையிலைப் பக்கம் ஒரு முறை போயிற்று. பீடாக் கடை ஆளின் நினைவு வந்து திரும்பிவிட்டது.

வீட்டில் இலை போட்டாயிற்று. களி உருண்டை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. சாம்பிராணிக்காகத் தூபக்காலில் கரி கனன்றது. படத்துக்குச் சாமந்தி மாலை போட்டுவிட்டு சந்துரு ஓரமாக நின்றான். மகள் தாரணி வாழைப்பழத்தின் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"சுருட்டு எங்கடி?" என்றாள் சுந்தராம்பாள்.

"கொண்டு வரலம்மா."

அம்மா அவளையே பார்த்தாள். ஊரில் எந்த இலைக்கும் இப்படி நடந்ததில்லை என்று அந்தப் பார்வை சொன்னது. பிறகு பையைப் பார்த்தாள். "அப்ப அது என்ன?"

"அது புதுக் கட்டு. சாயங்காலத்துக்குள்ள சாம்பல் பாக்கணும்..."

சொல்லி முடிக்கவில்லை. சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. பையிலிருந்து தட்டை எடுத்தாள். அதன் விளிம்பில், பல காலம் சுருட்டுச் சாய்ந்து சாய்ந்து, ஓரிடத்தில் மட்டும் கறுத்திருந்தது. இலைக்கு வலப்பக்கம் வைத்தாள். கட்டைப் பிரித்து ஒன்றை உருவினாள். தூபக்காலின் மேல் நுனியைக் காட்டி, நாட்காட்டி அட்டையால் வீசினாள். சிவந்தது. கறுத்த இடத்தில் சாய்த்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

யாரும் இழுக்காத புகை நேராக எழுந்து, படத்தின் உயரத்துக்குப் போய், அங்கே கொஞ்சம் தயங்கி, கலைந்தது. இருந்த காலமெல்லாம் அவர் முன்னால் எழுந்ததும் இதே புகைதான். ஒவ்வொரு வீட்டு இலைக்குப் பக்கத்திலும் எழுவதும் இதுதான். நெருப்பு உண்டு, சுருட்டு உண்டு, இழுக்கிற வாய் மட்டும் இல்லை. அய்யன் உயிரோடு இருந்தபோதே இப்படித்தான் குடித்திருக்கிறார், கண்ணால்.

"தாத்தா டெய்லி இதத்தான நோடிட்டிருப்பாரு?" என்றாள் தாரணி. பார்ப்பதற்கு அவளுக்குக் கன்னடச் சொல்தான் முதலில் வரும்.

"ஷ்" என்றாள் சுந்தராம்பாள். அவளும் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாம்பல் முதலில் வெள்ளையாக, ஒழுங்காக நீண்டது. ஜோதிமணிக்குள் ஏதோ இளகியது. விக்கலாம் என்று சொல்லிவிடுவார் போலிருந்தது. களியின் ஆவி அடங்கிற்று. வாசல் பக்கம் காக்கை ஒன்று வந்து உட்கார்ந்து கரைந்தது. அப்போது நெருப்பு இடப்பக்கமாக வேகமாய்த் தின்ன ஆரம்பித்தது. வலப்பக்கம் கறுப்பாக நின்றது. சாம்பல் ஒரு பக்கம் சாய்ந்து, பொறுக்க முடியாததுபோல உடைந்து தட்டில் விழுந்தது. புகை மெலிந்து, நூலாகி, அறுந்தது.

சுந்தராம்பாள் படத்தைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள்.

"வேண்டாங்கறாரு" என்றாள். உடனே சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று சந்துரு பதறிப் பக்கத்தில் வந்தான். "போயும் திருந்தல பாரு மனுசன். மொத எலையிலயே சரக்குல நொட்டை" என்று அவள் சொன்னபோதுதான் சிரிப்பு என்று தெரிந்தது. கண்ணில் தண்ணீரும் இருந்தது. ஜோதிமணியும் சிரித்தாள். ஒரு வருஷமாக அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று, அந்தச் சாம்பலைப் போலச் சத்தமில்லாமல் விழுந்தது. அவருக்கு என்ன வேண்டும் என்பது இப்போதும் தெரியவில்லை. அவருக்கு என்ன வேண்டாம் என்பது அவளுக்கு எப்போதும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

காக்கை சோற்றை எடுத்தது. எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

சாயங்காலம் ஹெல்மெட் இளைஞன் வந்தான். "பாத்துட்டீங்களா?"

"பாத்தாச்சுங்க. அது சரியில்ல. ரெண்டு கடை தள்ளிக் கேட்டுப் பாருங்க."

"கையில வெச்சுக்கிட்டே இல்லேங்கறீங்களே, நீங்கல்லாம் எப்பிடிங்க கடை நடத்தறீங்க?" என்று முனகிக்கொண்டே வண்டியைத் திருப்பினான். நியாயமான கேள்விதான். தெருமுனையில் பல்புகளை எரியவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; மறுநாள் தசரா தொடக்கம். சிவப்பும் பச்சையுமாக வெளிச்சம் அலமாரி வரை வந்து வந்து போனது. ஜோதிமணி கட்டைப் பழையபடி கட்டித் தனியாக வைத்துவிட்டு, கருப்புசாமிக்குப் போன் போட்டாள்.

"சொல்லுங்க அம்மிணி."

"அந்தப் புதுக் கட்டுங்க. அய்யன் வேண்டாம்னுட்டாரு."

அந்தப் பக்கம் பஸ் ஓடுகிற சத்தம் கேட்டது.

"சரீங்" என்றார் கருப்புசாமி. "மாத்தித் தர்றனுங்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை.